விவியன் தாமஸ்: பட்டம் இல்லாத அறுவைச் சிகிச்சை ஆசான்

விவியன் தாமஸ் (ஆகஸ்ட் 29, 1910 – நவம்பர் 26, 1985) அமெரிக்காவின் கறுப்பினத்தைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை ஆய்வாளர். இதயக் குறையுடன் பிறந்து, உடல் நீலம் பாரித்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் காப்பாற்றிய அறுவைச் சிகிச்சையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தவர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட இவர், அந்நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களுக்கே அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுத்தார்.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இவரது வாழ்க்கை அடிக்கடி கூறப்படுகிறது. பொறுமையாக உழைத்தார், ஒருநாள் உலகம் போற்றியது என்று சுருக்கிச் சொல்லிவிடுவதும் உண்டு. அது முழு உண்மையன்று. தாமஸ் எப்போது பொறுத்தார், எப்போது வாய்திறந்து கேட்டார், கேட்டும் கிடைக்காதபோது என்ன செய்தார் என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரது பணிவாழ்வு சொல்லும் பாடம் விளங்கும்.

இளமைக்காலம்

தாமஸ் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை தச்சர். பள்ளி விட்டதும் தந்தையுடன் சென்று தச்சு வேலை கற்றார் தாமஸ். அளந்து வெட்டுவது, இணைப்புப் பிசகாமல் பொருத்துவது, கருவியைக் கூர்மையாக வைத்திருப்பது ஆகிய பழக்கங்கள் அவருக்கு அங்கே வந்தவை.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளி, பேருந்து இருக்கை, உணவகம், கழிப்பறை எல்லாம் சட்டப்படியே தனித்தனியாக இருந்தன. கறுப்பின மாணவர்களுக்கான பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் தாமஸ் 1929ஆம் ஆண்டு படிப்பை முடித்தார். கல்லூரியில் சேர்ந்து மருத்துவராவது அவரது ஆசை. அதற்காகத் தச்சுக் கூலியிலிருந்து பணம் சேர்த்து வந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கட்டுமான வேலைகள் நின்றன. தாமஸின் வேலையும் போயிற்று. பின்னர் அவர் பணம் போட்டிருந்த வங்கியும் மூடப்பட்டதால் கல்லூரிக்கென்று வைத்திருந்த சேமிப்பு முழுவதும் அழிந்தது.

வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடம்

1930 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார். நிலைமை சீரடையும் வரை இருக்கலாம் என்று எண்ணி தாமஸ் அந்த வேலையில் சேர்ந்தார். வாரக் கூலி 12 டாலர். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த உறவு, 1964இல் பிளேலாக் இறக்கும் வரை 34 ஆண்டுகள் நீடித்தது.

சில வாரங்களுக்குள் ஆய்வு விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யுமளவுக்கு தாமஸ் கற்றுக்கொண்டார். பாடநூல்களைப் படித்து உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் ஆகியவற்றையும் தாமே பயின்றார். ஒவ்வொரு சோதனையின் அளவீடுகளையும் விடாமல் குறித்துவைத்தார். சில ஆண்டுகளில் பட்டம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் செய்யும் பணியை அவர் தனியாகவே செய்துகொண்டிருந்தார்.

பலத்த காயம் பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிர் போவது ஏன் என்பது அப்போதைய பெருங்கேள்வி. அடிபட்ட தசையிலிருந்து ஏதோ நஞ்சு பரவுகிறது என்று பலர் நம்பினர். இரத்தமும் உடல்நீரும் குழாய்களை விட்டு வெளியேறிவிடுவதே காரணம் என்று பிளேலாக்கும் தாமஸும் நடத்திய சோதனைகள் காட்டின. இழந்த இரத்தத்தையும் நீரையும் ஈடுசெய்யும் சிகிச்சைக்கு இது வலுவான அடிப்படையாயிற்று. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற பல வீரர்கள் இந்தச் சிகிச்சையால் பிழைத்தனர்.

கேட்டுப் பெற்றவை

வேலையில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு சோதனை தவறியபோது பிளேலாக் கெட்ட வார்த்தைகளால் கத்தினார். தாமஸ் பதிலுக்குக் கத்தவில்லை. பேசாமல் இருந்துவிடவும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கும்படி தான் வளர்க்கப்படவில்லை என்றும், இது தொடர்ந்தால் வேலையை விட்டுப் போய்விடுவதாகவும் நேரில் சொன்னார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அவர் தாமஸிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, மாற்று வேலை எதுவும் கையில் இல்லாத இளைஞர் சொன்ன சொல் அது.

இன்னொரு நாள், உடன் பணியாற்றிய மற்றொரு கறுப்பின ஊழியரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகப் பதிவேட்டில் தாமும் துப்புரவுப் பணியாளர் என்றே குறிக்கப்பட்டிருப்பதை தாமஸ் அறிந்தார். ஊதியமும் அந்தப் பதவிக்குரியதே. அவர் பிளேலாக்கிடம் சென்று, தான் செய்யும் வேலைக்குத் தொழில்நுட்ப உதவியாளருக்குரிய ஊதியம் தரப்பட வேண்டும் என்று கேட்டார். சில நாள்களில் ஊதியம் உயர்ந்தது.

கேட்பதில் இருந்த ஆபத்தையும் தாமஸ் குடும்பத்திலேயே கண்டிருந்தார். அவருடைய அண்ணன் ஹரால்டு நாஷ்வில்லில் ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்குக் குறைந்த ஊதியம் தரப்படுவதை எதிர்த்து நகரக் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாடினார். வழக்கு வென்றது, ஆனால் ஹரால்டின் வேலை போயிற்று. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் நீதிமன்றம் வழியாகப் போராடினார். மற்றவர் தன் மேலதிகாரியிடம் தனியாகப் பேசிப் பெற்றார். இரண்டுக்கும் துணிவு வேண்டியிருந்தது.

பால்டிமோருக்கு இடமாற்றம்

1937இல் டெட்ராய்ட் நகரத்து மருத்துவமனை ஒன்று பிளேலாக்கை உயர்பதவிக்கு அழைத்தது. கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில்லை என்பது அங்கிருந்த விதி. தாமஸ் இல்லாமல் வர முடியாது என்று பிளேலாக் அப்பதவியை மறுத்தார். 1941இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவராகச் சென்றபோது தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார்.

பால்டிமோரில் நிலைமை எளிதாக இல்லை. மனைவி கிளாராவுடனும் இரு பெண் குழந்தைகளுடனும் வந்த தாமஸுக்கு வீடு கிடைப்பதே கடினமாக இருந்தது. மருத்துவமனையிலும் இனவாரியான பிரிவினை நிலவியது. கறுப்பின ஊழியர்கள் பெரும்பாலும் துப்புரவு, ஏவல் வேலைகளில்தான் இருந்தனர். ஆய்வுக்கூடத்தின் வெள்ளை அங்கியோடு தாமஸ் நடந்துபோனால் வழியில் இருந்தவர்கள் நின்று வெறித்துப் பார்த்தனர். அதனால், பிளேலாக்கின் அலுவலகத்துக்குப் போகும்போது அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் போகத் தொடங்கினார்.

நீலக் குழந்தைகள்

1943இல் ஹாப்கின்ஸின் குழந்தை இதயநோய் மருத்துவர் ஹெலன் டாசிக் ஒரு வேண்டுகோளோடு பிளேலாக்கிடம் வந்தார். அவருடைய நோயாளிகளில் பலர் பிறக்கும்போதே நான்கு இதயக் குறைகள் சேர்ந்து அமைந்த குழந்தைகள். பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோவின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது.

இதன் இயக்கத்தைச் சுருக்கமாகக் காணலாம். உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலுக்குச் சென்று ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, இடப்பக்கம் வழியாக உடலெங்கும் செல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையே ஓட்டையும் இருக்கும். எனவே ஆக்சிஜன் ஏறாத இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமல் நேராக உடலுக்கே திரும்பிவிடும். உதடும் நகமும் நீலமாகும். சில அடி நடந்தாலே மூச்சு வாங்கும். பல குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தனர்.

நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்க ஏதேனும் வழி உண்டா என்பதே டாசிக்கின் கேள்வி. விடை ஏற்கெனவே கைவசம் இருந்தது. வேறொரு ஆய்வுக்காக, கைக்குச் செல்லும் தமனியை வெட்டி நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை பிளேலாக்கும் தாமஸும் வாண்டர்பில்ட்டில் நாய்களிடம் செய்து பார்த்திருந்தனர். அதே இணைப்பைக் குழந்தைகளுக்குச் செய்தால் உடலுக்குப் போன இரத்தத்தின் ஒரு பகுதி மீண்டும் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் பெறும். கைக்கு வேறு சிறு குழாய்கள் வழியாக இரத்தம் கிடைத்துவிடும்.

யோசனை ஒன்று, அதைச் செய்து காட்டுவது மற்றொன்று. அந்தப் பொறுப்பு தாமஸிடம் வந்தது. முதலில் அதே நோய்நிலையை நாய்களிடம் உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்து காட்ட வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் சுமார் 200 நாய்களிடம் சோதனை நடந்தது. நான்கு குறைகளையும் அப்படியே உண்டாக்க முடியவில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கும் நிலையை உண்டாக்கி, புதிய இணைப்பால் அதைச் சீராக்கவும் முடிந்தது. அறுவைக்குப் பின் நெடுநாள் உயிர்வாழ்ந்த நாய்களில் அன்னா என்பது பெயர்பெற்றது. சிறு குழந்தைகளின் நுண்ணிய குழாய்களைத் தைக்க ஏற்ற ஊசிகள் அப்போது இல்லை. இருந்த ஊசிகளை நறுக்கி, மறுபடி தீட்டி தாமஸே செய்துகொண்டார். தச்சுப் பட்டறையில் பழகிய கை அங்கே உதவிற்று.

நவம்பர் 29, 1944

முதல் நோயாளி ஐலீன் சாக்சன் என்னும் 15 மாதக் குழந்தை. அவளது எடை 5 கிலோவுக்கும் குறைவு. அறுவைக்கு முன்பு பிளேலாக் இந்த இணைப்பை நாயிடம் ஒரே ஒருமுறை, தாமஸ் அருகிலிருந்து வழிகாட்டத்தான் செய்திருந்தார். தாமஸோ பலமுறை செய்தவர். ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாததால் நோயாளியைத் தொட அவருக்கு உரிமை இல்லை.

அன்று அறுவை அரங்கில் பிளேலாக் தமக்குப் பின்னால் தாமஸ் நிற்க வேண்டும் என்றார். தாமஸ் ஒரு சிறு படிமேடை மீது ஏறி, பிளேலாக்கின் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, தையல் எந்தத் திசையில் போக வேண்டும், இடைவெளி போதுமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துறைத் தலைவர் கேள்வி கேட்டார். பட்டமில்லாத உதவியாளர் விடை சொன்னார்.

ஐலீனின் உடல்நிலை தேறியது. சில மாதங்களுக்குப் பின் நோய் மீண்டும் முற்றி அவள் இறந்துவிட்டாள். எனினும் முறை பயன்தரும் என்பது தெரிந்துவிட்டது. மூன்றாவதாக அறுவை செய்யப்பட்ட 6 வயதுச் சிறுவனின் நீல நிறம் அறுவை மேசையிலேயே மாறிச் சிவந்தது. செய்தி பரவி, பல நாடுகளிலிருந்தும் பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தனர்.

விடுபட்ட பெயர்

1945இல் இந்த அறுவையைப் பற்றிய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. ஆசிரியர்களாக பிளேலாக், டாசிக் ஆகிய இருவரின் பெயர்கள் இருந்தன. அறுவை முறையும் பிளேலாக்–டாசிக் இணைப்பு என்றே பெயர்பெற்றது. தாமஸின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை.

பிளேலாக் பல இடங்களில் தாமஸுக்குத் துணைநின்றவர்; அவர் பக்கத்தில் இல்லாமல் அந்த அறுவையைத் தொடங்க மறுத்தவர். ஆயினும் அதே பிளேலாக் உலக மேடைகளில் பாராட்டுப் பெற்றபோது தாமஸின் பங்கை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தனிப்பட்ட முறையில் நேர்மையாகப் பழகினாலும், தாம் இருக்கும் அமைப்பின் அநீதியை அப்படியே ஏற்று நடக்கக்கூடும் என்பதற்கு அவர்களது உறவு சான்று.

ஊதியம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையையும் தாமஸ் செய்தார். பகலில் அவரிடம் தொழில் கற்ற மருத்துவர்களுக்கே மாலையில் கோப்பை நிரப்ப வேண்டியிருந்தது. 1946இல், இந்த ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியாது, நாஷ்வில்லுக்குத் திரும்பிக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று பிளேலாக்கிடம் தெரிவித்தார். அதன்பின் ஊதியம் கணிசமாக உயர்த்தப்பட்டது.

மருத்துவராகும் ஆசையும் அவரை விடவில்லை. பால்டிமோரின் கல்லூரி ஒன்றில் சேர விசாரித்தார். அவரது ஆய்வுக்கூட அனுபவத்தைக் கணக்கில் கொள்ள இயலாது, முதலாண்டுப் பாடங்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்றனர். கணக்கிட்டுப் பார்த்தபோது, மருத்துவப் படிப்பு முடியும்போது 50 வயதாகிவிடும் என்று தெரிந்தது. அந்த ஆசையை அவர் அத்துடன் கைவிட்டார்.

ஆசிரியராக தாமஸ்

பெயர் வெளியே தெரியாவிட்டாலும் ஆய்வுக்கூடத்தில் தாமஸின் இடத்தை யாரும் மறுக்க முடியவில்லை. அறுவைச் சிகிச்சை ஆய்வுக்கூடங்களின் மேற்பார்வையாளராக ஏறக்குறைய 35 ஆண்டுகள் பணியாற்றினார். பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்கள் தமனியை எப்படிப் பிடிப்பது, இழையை எவ்வளவு இறுக்குவது என்பவற்றை அவரிடம் பயின்றனர். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர் டென்டன் கூலியும் அவர்களில் ஒருவர். தாமஸின் கையில் வீண் அசைவு ஒன்றுகூட இருந்ததில்லை என்பது கூலியின் நினைவு.

கறுப்பின இளைஞர்கள் பலரையும் தாமஸ் ஆய்வுக்கூடப் பணிக்குப் பயிற்றுவித்தார். மின்தூக்கி இயக்குபவராக இருந்த ஒருவர் அவரிடம் பயின்று, இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்களுக்குத் துணைநிற்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். ஹாப்கின்ஸில் இதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் கறுப்பின மருத்துவரான லீவை வாட்கின்ஸுக்கும் தாமஸ் வழிகாட்டியாக இருந்தார். இதயத் துடிப்பு தாறுமாறானால் தானே மின்னதிர்வு தந்து சீராக்கும் கருவியை 1980இல் முதன்முறையாக ஒரு மனித உடலில் பொருத்தியவர் இதே வாட்கின்ஸ்.

தாமதமாக வந்த அங்கீகாரம்

1971இல், தாமஸிடம் பயின்று நாடெங்கும் துறைத் தலைவர்களாகிவிட்ட மருத்துவர்கள் ஒன்றுகூடி அவரது உருவப்படத்தை வரையச் செய்து மருத்துவமனைக்கு வழங்கினர். அது பிளேலாக்கின் படத்துக்கு அருகே இடம்பெற்றது. முதல் நீலக் குழந்தை அறுவை நடந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அது மருத்துவத்துக்கான பட்டமன்று; சட்டத்துக்கான பட்டம். எனினும் அன்றுமுதல் அவரை டாக்டர் தாமஸ் என்று அழைக்க முடிந்தது. மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைத் துறையில் ஆசிரியர் பதவியும் முறைப்படி தரப்பட்டது. 1979இல் ஓய்வுபெற்ற அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1985 நவம்பரில் அவர் இறந்த சில நாள்களில் அந்நூல் வெளிவந்தது. 2004இல் அவரது வாழ்க்கை அமெரிக்கத் தொலைக்காட்சியில் திரைப்படமாயிற்று. இன்று மருத்துவ நூல்கள் பலவற்றில் அந்த அறுவை பிளேலாக்–தாமஸ்–டாசிக் இணைப்பு என்று குறிப்பிடப்படுகிறது.

அவர் வாழ்விலிருந்து பெறும் பாடங்கள்

1. தொழிலை முழுமையாகக் கற்றல். உதவியாளருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று தாமஸ் எல்லை வகுத்துக்கொள்ளவில்லை. கருவியைக் கழுவித் தருவதோடு நிற்காமல், அந்தச் சோதனை எதற்காக என்பதையும் கற்றார். படிமேடை மீது நின்று விடை சொல்லும் தகுதி அப்படி வந்தது.

2. பழைய திறன் வீணாவதில்லை. கல்லூரிக்குப் போக முடியாமல் தச்சு வேலையில் கழிந்த ஆண்டுகள் இழப்பாகவே தோன்றியிருக்கும். ஊசியைத் தீட்டிய போதும் நுண்ணிய தையல் போட்ட போதும் அந்த ஆண்டுகள் பயன்பட்டன.

3. பொறுமை என்பது வாய்மூடி இருப்பதன்று. வசைச்சொல், பதவிப்பெயர், ஊதியம் ஆகிய மூன்றையும் பற்றி தாமஸ் நேரில் பேசினார். மூன்று முறையும் கோபத்தைக் கொட்டாமல், செய்யும் வேலையைச் சுட்டிக்காட்டி, தேவையானால் விலகவும் தயாராக இருந்து பேசினார். உழைப்பைக் கண்டு தானாகவே கொடுப்பார்கள் என்று காத்திருந்தால் அவை கிடைத்திருக்க மாட்டா.

4. தாம் ஏறிய வழியைப் பிறருக்கும் திறத்தல். அவரது பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் உருவாக்கிய மாணவர்கள். உருவப்படத்தை வரையச் செய்தவர்கள் அவர்களே.

5. விடாமுயற்சியைக் காட்டி அநீதியை நியாயப்படுத்தக் கூடாது. தாமஸ் உயர்ந்தார் என்பதால் தடைகள் நல்லவை ஆகிவிடா. அவர் மருத்துவராக முடியவில்லை. உரிய ஊதியம் இல்லாத ஆண்டுகள் திரும்ப வரவில்லை. மதிப்புறு பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 65ஐக் கடந்திருந்தது. அவரைப் போலவே கைத்திறனும் அறிவும் உடைய எத்தனையோ பேர் துப்புரவுப் பணியாளர் என்ற பதிவோடு முடிந்திருக்கக்கூடும்.

முடிவுரை

விவியன் தாமஸின் வாழ்க்கையைப் படிப்பவர்களில் இரு வகையினர் இருப்பர். திறமை இருந்தும் உரிய இடம் கிடைக்காதவர்கள் ஒரு வகை. தொழிலில் தேர்ச்சி பெறுவதும், அதற்கு உரியதைக் கேட்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளலாம். பிறரை வேலை வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் மற்றொரு வகை. தம் வெற்றிக்குப் பின்னால் படிமேடை மீது நிற்பவர் யார், அவருக்குப் பதிவேட்டில் என்ன பதவி எழுதியிருக்கிறது, அறிக்கையில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களது கடமை. அதற்கு 26 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.